பிரிக்காத உறை

எங்கள் குடியிருப்பில் யாருக்குக் கூரியர் வந்தாலும் அனுப்பியவர் பெயரை முதலில் படிப்பவள் நான். அப்படிப்பட்ட என்னிடம்தான் எதிர்வீட்டு ஜெசிந்தா ஓர் உறையைக் கொடுத்தாள். அவள் குழு எட்டு வருஷமாக லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களை அளந்து, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று கணக்குப் போடுகிறது. ஆசைப்பட்ட விடைக்குக் கணக்கை வளைத்துவிடக் கூடாதென்று, அளவுகளோடு ஒரு ரகசிய எண்ணைக் கலந்து உண்மை விடையை மறைத்து வைப்பார்களாம். அந்த எண்தான் உறைக்குள். வேலை முடியும் முன் அவள் பார்த்துவிட்டால் எட்டு வருஷமும் வீண்.

"ஏன்டி, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"என்கிட்ட இருந்தா பிரிச்சிடுவேன்க்கா. நீங்க பிரிச்சாலும் உங்களுக்குப் புரியாது. வெளியில சொல்லாம இருங்க, போதும்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்தான். காகிதம் கெட்டி. மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் வாசலில் வந்து நின்றாள். "பயமா இருக்குக்கா. ஒரே ஒரு தடவை காட்டிடுங்க."

"போய்க் கணக்கை முடிடி" என்று கதவைச் சாத்தினேன். என் வீட்டுக் கதவு முழுதாகச் சாத்தியிருந்ததை அக்கம்பக்கம் பார்த்தது அன்றுதான்.

நேற்று மதியம் கணக்கை முடித்துவிட்டு வந்தாள். என் காய்கறிக் கத்தியால் உறையைக் கிழித்து, எண்ணை லேப்டாப்பில் தட்டினாள். இனி ஒரு புள்ளியைக்கூடத் திருத்தக் கூடாதாம், வந்தது வந்ததுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு திரையை என் பக்கம் திருப்பினாள்.

"முதல்ல நீங்க பாருங்கக்கா."

உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத சேதி. படித்தேன், அவள் சொன்னதுபோலவே ஒன்றும் புரியவில்லை. இப்படி ஒரு மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. அவளாகக் கண் திறக்கட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.