மாப்பிள்ளைக்கு வழி விடு

“மாப்பிள்ளை வர்றார். ஒதுங்கி வழி விடு!”

கல்யாண வீட்டு வாசலில் கேட்ட குரல் இல்லை இது. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் பறந்துகொண்டிருக்க, ஓட்டுகிறவனின் ஹெல்மெட்டுக்குள் மேனேஜர் போட்ட சத்தம்.

பந்தயம் முடிய இன்னும் மூன்றே சுற்று. முன்னால் போவது அவன். அவனை ஒட்டி, அதே அணியின் இன்னொரு காரில், முதலாளியின் மகளைக் கட்டியவர். அணியில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

“நான்தானே சார் முன்னாடி போறேன்?”

“அதுக்கென்ன இப்ப? கோப்பை மாப்பிள்ளைக்குத்தான். முதலாளி சொல்லிட்டார்.”

இந்த வருஷத்தில் இது நான்காவது முறை. முதல் மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தான். போன பந்தயத்தில் பரிசு மேடையில் மைக்கைப் பிடித்த மாப்பிள்ளை, “எங்க அணியில ஒரு கதவு இருக்கு. தட்டினா போதும், திறந்துக்கும்” என்று அவனைக் கை காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் பந்தயம் பார்க்க வருவதே இல்லை. அவனுக்கோ ‘கதவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. டயர் மாற்றுகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இன்று அவன் விடவில்லை. மாப்பிள்ளை இடப்பக்கம் பாய்ந்தார், அடைத்தான். வலப்பக்கம் பாய்ந்தார்; அங்கேயும் அடைத்தான்.

ஏரியோரத் திருப்பத்தில் வேறு ஏதோ அணியின் கார் சுழன்று, புல்தரையில் போய் நின்றிருந்தது. ஓட்டியவர் இறங்கித் தடுப்புச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் எச்சரிக்கையாக மஞ்சள் கொடி ஆடியது. அதையும் கடந்து போனார்கள்.

“டேய் கதவு, காது அடைச்சுப்போச்சா? விடலேன்னா நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை கிடையாது!”



“விடறேன் சார். எந்த இடத்துல விடணும்?”

“எங்கயாவது விட்டுத் தொலை!”

கடைசிச் சுற்று. ஏரியோரத் திருப்பம் வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்து வலப்பக்கமாக ஒதுங்கினான். எப்போதடா இடைவெளி கிடைக்கும் என்று துடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, சீறிப் பாய்ந்து முன்னே போனார்.

“அப்படி வா வழிக்கு!” என்றார் மேனேஜர்.

மாப்பிள்ளைதான் முதலில் கோட்டைத் தாண்டினார். முதலாளி பெஞ்சுமேல் ஏறி நின்று கைதட்டினார். காரை விட்டு இறங்கிய மாப்பிள்ளை, அவன் தோளில் இரண்டு தட்டு தட்டி, “பரவாயில்ல, கொஞ்சம் துருப்பிடிச்ச கதவு. ஆனா திறந்துடுச்சு” என்றார்.

அவன் கையுறைகளைக் கழற்றினான்.

மாப்பிள்ளை மேடைப்படியில் கால் வைத்த நேரம், ஒலிபெருக்கி கரகரத்தது. “மஞ்சள் கொடி காட்டப்பட்ட இடத்தில் முன்னால் சென்ற காரை முந்தியதால், முதலில் வந்தவர் தகுதி நீக்கம் செய்யப்படுகிறார். கோப்பை இரண்டாவதாக வந்தவருக்கு!”

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துப்போனது. மேனேஜர் தலைதெறிக்க அவனிடம் ஓடிவந்தார்.

“அடப்பாவி! அங்க கொடி ஆடினது உன் கண்ணுல படலையா?”

“பட்டுச்சு சார். அதனாலதான் அங்க விட்டேன்.”