மெட்டி கழற்றிய கால்கள்

நடுப்பகலிலும் யன்னல்கள் சாத்தியே இருக்கின்றன. மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்மாசினி புருஷன் தில்லைநாதனின் கைக்குள் நிற்கிறாள். மூன்று கிழமையாக அவன் பழக்கும் டாங்கோ நடனத்தில் அவள் கால் இடறாத நாளில்லை. இன்று கிராமபோனில் சுழல்வது அதைவிட வேகமான மிலோங்கா என்ற ஆட்ட இசை. இருவர் மாறி மாறி உலக்கை போடுகிற அதே துரிதம். கால்கள் தாமாகவே தாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வியர்வையோடு சிரிப்பும் வருகிறது. "இஞ்சாருங்கோ, இது நல்லாயிருக்கு" என்கிறாள். அவன் இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டு அவள் முகத்தையே பார்க்கிறான். "ஓம், சனிக்கிழமை கந்தோர் விருந்திலை எங்கடை வெள்ளைத்துரை உம்மடை இடுப்பைப் பிடிச்சு ஆடேக்கையும் உப்பிடித்தான் சிரிக்கவேணும். என்ரை பதவி உயர்வு அவரின்ரை கையிலை." ஊசி மறுபடி இறங்குகிறது. சிரிப்பு நின்றுவிட்டது; பாழாய்ப்போன கால்கள் மட்டும் இன்னும் சந்தோஷமாக ஆடுகின்றன.