சிவப்பு நூல் கரண்டி

"மூணு பேர் வேணும் மோளே. என் எதிர்ல உட்கார்ந்து, 'நல்ல கனவுதான், நல்லதாவே முடியும்'னு மூணு தடவை சொல்லணும்."

ராத்திரி கெட்ட கனவு கண்டதாகச் சொல்லிவிட்டு, சிப்போரா ஆன்ட்டி ஜூடித்திடம் இப்படிக் கேட்டார்.

ஆன்ட்டி கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணி. கல்யாணமாகி இஸ்ரேலுக்குப் போனவர். மலையூரான நடுவட்டத்தில் ஜூடித்தும் கணவன் அலனும் நடத்தும் ஹோம்ஸ்டேயில் ஒரு வாரமாகத் தங்கியிருக்கிறார். வரும்போதே தன் பாத்திரங்களோடுதான் வந்தார். பாலும் கறியும் சேரக்கூடாதாம். பால் பாத்திரத்துக்கு வெள்ளை நூல், கறிப் பாத்திரத்துக்குச் சிவப்பு நூல்.

"அப்படி என்ன கனவுங்க ஆன்ட்டி?"

"மகளோட வீடு இருட்டாக் கிடந்தது. கூப்பிடறேன், ஆளே இல்ல. அவளுக்கு இந்த வாரம் பிரசவம், கேட்டோ. அதான் காலையில இருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம இருக்கேன்."

ஜூடித்துக்குக் கண்ணைக் கரித்தது. நேற்று அவசரத்தில் ஆன்ட்டியின் பாலைச் சிவப்பு நூல் கரண்டியால் கலக்கியவள் அவள்தான். கழுவி மாட்டியும்விட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். கனவுக்குத் தெரிந்துவிட்டதே! சே, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நானும் அவரும் இருக்கோமுங்க. மூணாவது ஆளுக்கு எங்கீங்க போறது?"

"ஏன், தெய்வம்மா இருக்காளே?"

"பாத்திரம் கழுவறவங்களுங்களா? அவங்களுக்கு இதெல்லாம்..."

"என் ஆளுங்களுக்கு இந்த மலையில எங்க போக? எனக்கு நல்லது நினைக்கிறவங்களா இருந்தா போதும்."

தெய்வம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து தரையில் உட்காரப் போனாள். ஆன்ட்டி விடவில்லை. கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் நுனியில் ஒட்டிக்கொண்டாள். அலனும் ஜூடித்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நல்ல கனவுதான், நல்லதாவே முடியும்."

முதல் தடவை மூவரும் சொன்னார்கள். இரண்டாம் தடவை ஜூடித் பாதியில் நிறுத்திவிட்டாள். அழுதுவிட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க ஆன்ட்டி! நேத்து உங்க பாலைச் செவப்பு நூல் கரண்டில கலக்கிட்டனுங்க. சொல்லாம மறைச்சிட்டேன். அந்தக் கெட்ட கனவே என்னாலதானுங்க!"

அலன் தலையில் அடித்துக்கொண்டான். ஆன்ட்டியோ சிரித்துவிட்டார்.

"அட பைத்தியமே! கரண்டி மாறினதுக்கு யாருக்காவது கனவு வருமா? ஒரு நாள் சும்மா போட்டுட்டு, கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தா தீர்ந்தது. மனசில வச்சு மறுகாதே. சொல்லு, இன்னும் ரெண்டு தடவை இருக்கு."

சொல்லி முடித்தார்கள். ஆன்ட்டியின் முகம் தெளிந்தது. வெளியே இருட்டிவிட்டது. "விரதம் முடிஞ்சது. எல்லாருக்கும் சாயா போடு மோளே" என்றார்.

பாரம் இறங்கிய ஜூடித்துக்குப் பேச்சு தாராளமாக வந்தது. "எங்களுக்கு இந்தப் பழக்கமே இல்லீங்களா ஆன்ட்டி, அதான் மாறிப்போச்சு. எங்க ஊட்டுல இது தனி, அது தனின்னு எதுவும் இல்லீங்க. எல்லாம் ஒண்ணுதான்!"

ஆன்ட்டி நெற்றியைச் சுருக்கினார்.

"இல்லையே? பின்வாசல் ஜன்னல்ல ஒரு தம்ளரும் தட்டும் தனியா வச்சிருக்கீங்களே? நீங்க ஒரு நாள்கூட அதை மத்ததோட சேர்த்து வச்சு நான் பார்க்கல. உங்களுக்கும் ஏதோ சட்டம் இருக்குன்னு நானும் தொடாம இருந்தேன். ஆனா அதில நூலைக் காணோமே மோளே. அது பாலுக்கா, கறிக்கா?"

ஜூடித் அலனைப் பார்த்தாள். அலன் தரையைப் பார்த்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

தெய்வம்மாதான் நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தாள்.

"அது எனக்குங்கம்மா."