மிஸ்ஸின் பரிந்துரைக் கடிதம்

கணினி மையத்தில் மணி ஐந்தாக நான்கு நிமிடம் இருக்கிறது. காக்கிச் சட்டையோடு வந்த கண்டக்டர், வட்டார மொழி, பண்பாடு பற்றிய முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்; கெடு ஐந்து மணியோடு முடிகிறது. பக்கத்தில் அவருடைய பழைய கல்லூரி மிஸ்; கையில் நான்கு பக்கப் பரிந்துரைக் கடிதம். “கல்லூரி மெயில்லேருந்து அனுப்பினாத்தான் இந்த சைட் ஏத்துக்கும் மிஸ்.” “நான் ரிட்டயர் ஆன அன்னிக்கே அதை மூடிட்டாங்களேப்பா.” “ஆமா மிஸ்.” “இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, நான் போதாதாமா?” கடைக்காரப் பெண் உதட்டைப் பிதுக்குகிறாள். திரையில் ‘கல்லூரி மின்னஞ்சல் தேவை’ என்ற சிவப்பு எழுத்து மறுபடி மின்னுகிறது. “அடுத்த வருஷம் போட்டுக்கலாம்ப்பா.” “வயசு வரம்பு தாண்டிடும் மிஸ்.” மிஸ் கைப்பையைத் துழாவி, ஓரம் நைந்த கல்லூரி அடையாள அட்டையை எடுத்து, திரைக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்.