சென்டர் ஃபீல்டில் அங்காளம்மாள்

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டதுமே அங்காளம்மாள் திரும்பி ஓடத் தொடங்கினாள்.

பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்கிறவர்கள் கோட்டைவிடுவார்கள். முதுகைக் காட்டி ஓடி, பந்து விழப்போகும் இடத்துக்கு அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பேஸ்பாலில் அவள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டது அது.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தக் கல்லூரி மைதானம் முழுக்கப் புழுதி.

இன்று தேர்வு ஆட்டம். வெளிநாட்டில் பெண்களுக்காகப் புதிதாகத் தொடங்கும் தொழில்முறை லீக் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். தேர்ந்தெடுக்க வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி காலையிலிருந்து மடியில் காகிதக் கட்டோடு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடுவது!

மாடம்பாக்கத்தில் பள்ளிக்கூட மாணவியாக ஈட்டி எறிந்துகொண்டிருந்தவளின் கையில் யாரோ இந்தப் பந்தைக் கொடுத்த நாளிலிருந்து, அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மாநில அணிக்குப் பதினொரு வருடம் ஆடினாள். எப்போதும் சென்டர் ஃபீல்டுதான். எல்லோருக்கும் பின்னால், தன்னந்தனியாக நிற்கும் இடம். ஓர் ஆட்டத்தில் மூன்று பந்து அந்தப் பக்கம் வந்தால் அதிகம். அந்த மூன்றுக்காக மீதி நேரமெல்லாம் வெயிலில் தயாராக நிற்க வேண்டும்.

வெளியூர்ப் போட்டிகளுக்கு ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போவார்கள். ஏதாவது ஒரு பள்ளியின் வகுப்பறையில் படுத்தெழுந்து ஆடிவிட்டு வருவார்கள். கோப்பை கிடைக்கும். வேலை கிடைக்காது.

இப்போது மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. தண்ணீர் லாரிகளுக்கு கேட்டைத் திறந்து மூடிய நேரம் போக, பின்பக்கச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பாள். சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் புகார் செய்தார்கள். அதன் பிறகு டியூட்டி முடிந்ததும் பஸ் பிடித்து இந்த மைதானத்துக்கு வந்து எறிந்தாள். ஒரு வாரம்கூட நிறுத்தியதில்லை.

மைதானத்துச் சுவர் நெருங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்தாள். நினைத்ததைவிட இன்னும் இரண்டடி தள்ளி வந்துகொண்டிருந்தது பந்து.

இடது கையை நீட்டிப் பாய்ந்தாள். கையுறைக்குள் பந்து அறைந்தது. முழங்கால் சுவரில் இடித்தது.

அடித்த பெண் அவுட்.

ஆனால் வேலை முடியவில்லை. மூன்றாவது பேஸில் அடிக்கும் அணியின் ஸ்ம்ருதி நின்றிருந்தாள். வந்தவர்களில் அவளைவிட வேகமாக ஓட ஆளில்லை. பந்து பிடிபட்ட பிறகு அவள் ஹோமை, அதாவது மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்தை, நோக்கி ஓடலாம்; தொட்டுவிட்டால் ஓர் ஓட்டம். ஓடத் தொடங்கிவிட்டாள். அவள் போய்ச் சேர்வதற்குள், அங்கே உட்கார்ந்திருக்கும் கேட்ச்சர் ரேஷ்மாவின் கைக்குப் பந்து போயாக வேண்டும்.

நடுவில் நின்றிருந்த பெண் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினாள். "அக்கா, என்கிட்ட! என்கிட்ட!"

அவளிடம் எறிந்து, அவள் ரேஷ்மாவிடம் எறிவதுதான் வழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்குள் ஸ்ம்ருதி போய்விடுவாள், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அடிபட்ட வலது தோள் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அங்காளம்மாள் இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். ஈட்டியை எறிகிற மாதிரி உடம்பு முழுவதையும் பின்னால் வளைத்து எறிந்தாள்.

தூக்கிய கைகளுக்குச் சற்று மேலாகப் போனது பந்து. ஹோமுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தரையில் பட்டு எழும்பி, ரேஷ்மாவின் கையுறையில் போய் விழுந்தது. சறுக்கிக்கொண்டு வந்த ஸ்ம்ருதியின் காலில் ரேஷ்மா அதை வைத்து அழுத்தினாள்.

அவுட் என்று நடுவர் கையை உயர்த்தினார்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பந்து வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்தாள். ஆட்டத்தை நிறுத்தும்படி கை காட்டிவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். பயிற்சியாளர் பக்தவச்சலம் பின்னாலேயே ஓடி வந்தார். அவள் காகிதங்களைப் புரட்டினாள். அங்காளம்மாளைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள். மறுபடியும் புரட்டினாள். ஏதோ கேட்டாள்.

"உன் நம்பர் இன்னான்னு கேக்கறாங்க," என்றார் பக்தவச்சலம் சங்கடத்தோடு.

தேர்வுக்கு வந்த பெண்கள் எல்லோருடைய முதுகிலும் எண் ஒட்டியிருந்தது. அங்காளம்மாளின் முதுகில் இல்லை.

முப்பது வயதுக்கு மேல் அந்த லீகில் எடுப்பதில்லை. அவளுக்கு முப்பத்தாறு. அவளுடைய விண்ணப்பம் மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டது. இன்று காலை ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு ஆள் குறைந்தபோது, சும்மா வந்து நின்றால் போதும் என்று பக்தவச்சலம்தான் போன் செய்திருந்தார்.

"நான் லிஸ்ட்லயே இல்லன்னு சொல்லிடுங்க சார்."

அவர் இங்கிலீஷில் சொன்னார். வயதையும் சொன்னார்.

அந்தப் பெண்மணி காகிதக் கட்டை மூடினாள். சுவரைப் பார்த்தாள், அங்கிருந்து ஹோம் வரைக்கும் பார்த்தாள். பிறகு நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னாள்.

பக்தவச்சலத்தின் முகம் மலர்ந்தது. "அங்கா, இவங்க இன்னா சொல்றாங்கன்னா..."

"அப்பால சொல்லுங்க சார். இன்னும் ஒரு அவுட் பாக்கி கீது."

அவள் தன் இடத்துக்குத் திரும்பி ஓடினாள்.