பதினேழாவது கேள்வி

"பைலட் காலேஜும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! ஃபாரத்தைக் கிழிச்சுப் போடு!"

கேப்டன் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட்டில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். குக்கர் விசில் குறுக்கே வந்து ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே!

"கிழிக்க மாட்டேன்பா. இன்னிக்குக் கடைசி நாள்," என்றாள் மகள். பதினெட்டு வயது. பிடிவாதம் அப்படியே அப்பா. "இருபத்திரண்டு வருஷமா நீங்க ஓட்டலாம், நான் ஓட்டக் கூடாதா?"

"நான் சேர்ந்த காலம் வேற. இப்போ இருக்கிற பைலட்டையே வீட்டுக்கு அனுப்பறாங்க. இன்னும் பத்து வருஷத்துல கம்ப்யூட்டரே ஏத்தி இறக்கிடும். நீ சும்மா பக்கத்துல உட்கார்ந்து கொட்டாவி விடணும்."

"அப்படீன்னா என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்துடும்மா," என்றார் சோபாவில் இருந்த தாய்மாமன். பஞ்சாயத்துக்கு என்று வரவழைக்கப்பட்டவர். இதுவரை அவர் தீர்த்துவைத்தது ஒரு பாக்கெட் பிஸ்கட்தான். "நம்ம கிட்ட கம்ப்யூட்டர் தொல்லை கிடையாது. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிக்கிறவங்க இருக்கிற வரைக்கும் நமக்குப் பொழைப்பு ஓடும்."



"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உடம்பைப் பிரிச்சுப் பார்ப்பாங்க," என்றார் கேப்டன். "டாக்டர் பேனா ஒரு இடத்துல சுழிச்சா, அன்னியோட எல்லாம் போச்சு. இது ஒரு வேலையா?" சட்டைப் பொத்தானை மூன்றாவது முறையாக மாட்டப் பார்த்தார். கோபத்தில் விரல் நடுங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏர்போர்ட்டுக்கு அழைத்துப்போக கார் வந்துவிடும்.

சமையலறை வாசலில் கேப்டன் மனைவி நின்றிருந்தாள். அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் 'படபடப்பு' என்று பெயர். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. புருஷன் டியூட்டிக்குக் கிளம்பினால் அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை பால்கனியே கதி. தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால், துணி உலர்த்துகிற கை அப்படியே நின்றுவிடும். மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி, ஊர்க்கோடியில் இருக்கும் மனநல டாக்டரிடம் போய் வருவாள். மருந்துக்கடைக்காரர் வாய் சும்மா இருக்குமா? பயத்துக்கு மாத்திரை என்று தெருவுக்கே தெரியும். 'சிங்கம் மாதிரி மனுஷன், வாய்ச்சதைப் பார்' என்று கேப்டனுக்காக உச்சுக்கொட்டாத வீடு கிடையாது.

"ஆயிரம் காரணம் சொல்லாதீங்கப்பா," என்றாள் மகள். "நிஜமான காரணம் அம்மாதான். ஒரு பைலட்டுக்கே இந்தப் பாடு. ரெண்டு பேர்னா தாங்க மாட்டாங்கன்னு பயப்படறீங்க."

"சரி, அப்படியே வெச்சுக்கோ."

"அப்போ பதினேழாவது கேள்வியையும் முடிச்சுடறேன்." ஃபாரத்தை மடியில் விரித்தாள். "குடும்பத்தில் எவரேனும் மனநலச் சிகிச்சை பெறுகிறார்களா? ஆம் எனில், யார்? ஆம். அம்மா. எழுதியாச்சு."

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லைன்னு போடு!"

"பொய் எழுதினா பின்னாடி லைசென்ஸே போயிடும்பா. என்ன பெரிசா? அம்மாவைப் பைலட் காலேஜ் டாக்டர் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார். மருந்துச் சீட்டையெல்லாம் பார்ப்பார். பார்த்துட்டுப் போகட்டுமே."

"பார்க்கக் கூடாது! அதுக்குத்தான் காலையிலேர்ந்து கத்தறேன், இந்த வேலையே வேண்டாம்னு!"

மாமா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அத்தான் மானத்துக்குப் பயப்படறார். ஏன்க்கா, வேளாவேளைக்கு மாத்திரையைப் போட்டுக்கறியா இல்லையா? நீ ஒருத்தி பயந்து, இப்போ பொண்ணு வாழ்க்கை அந்தரத்துல நிக்குது பாரு."

அவள் மாமா பக்கம் திரும்பவே இல்லை. கேப்டனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஹாரன் அடித்தது. கேப்டன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். நழுவியது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார்.

"இன்னிக்குப் போகாதீங்க," என்றாள் மனைவி.

"ஆரம்பிச்சுட்டியாம்மா!" என்றாள் மகள்.

"நூத்தியெண்பது பேருங்க. குழந்தை குட்டியோட ஏறி உட்காருவாங்க." பெட்டியின் மேல் கை வைத்தாள். "வேண்டாங்க. என்னால முடியலை."

"அம்மா, அவர் எத்தனை புயல்ல இறக்கியிருக்கார் தெரியுமா? உன் பயத்தைத் தூக்கி எங்க ரெண்டு பேர் தலையிலயும் வைக்காதே!"

கேப்டன் கதவைத் திறந்தார். அவள் ஓடிப்போய் நிலைப்படியில் குறுக்கே நின்றாள்.

"வழியை விடு," என்றார். அதட்டலாக ஆரம்பித்தது கெஞ்சலாக முடிந்தது. "உனக்குப் புண்ணியமாப் போகும். வாயைத் திறந்துடாதே."

அவள் வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, மகளின் மடியிலிருந்த ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்தாள். பதினேழாவது கேள்விக்கு எதிரே இருந்த 'அம்மா'வை அடித்து, மேலே நிறுத்தி நிதானமாக 'அப்பா' என்று எழுதினாள்.

மூன்றே மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பெண் இப்போது விமானம் ஓட்டுகிறாளாம், ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாளாம். பதினோரு வருடம் மனைவி தன் பெயரில் வாங்கி வந்து தந்த மாத்திரையை முழுங்கிவிட்டுப் பறந்த கேப்டன், இப்போது தரையில் இருந்துகொண்டு, சொந்தப் பெயரிலேயே வாங்குகிறாராம்.