ஓர் அறை வீடு

ஐபேட் திரையில், விடுமுறைக்குத் தங்க இரண்டு வீடுகள் மிச்சம் இருந்தன.

ஒன்று பேக்கரிக்கு மேலே மாடி வீடு. இரண்டு படுக்கையறை.

மற்றது ஆற்றோரம். ஓர் அறை, ஒரு கட்டில்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரும் ஒன்றுதான். வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னச் சந்தை நகரம். நடுவே மணிக்கூட்டுக் கோபுரம். வியாழன்தோறும் அதைச் சுற்றிச் சந்தை கூடும். முட்டை, தேன், பாற்கட்டி, பூக்கன்று. சந்தை கலைந்தால் தெருவில் புறாக்களைத் தவிர ஒருவரும் இல்லை என்று அங்கே போய்வந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழுதியிருந்தாள். குறையாகத்தான் எழுதியிருந்தாள்.

தவமலருக்கு அதுதான் பிடித்துப்போனது.

அந்த ஊரில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

லண்டனுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவர்கள் விடுமுறைக்குப் போகாமல் இல்லை. பாரிஸ் போனார்கள். ரொறன்ரோ போனார்கள். ஜேர்மனியில் பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் போனார்கள். எல்லாம் சொந்தக்காரர் வீடு. சொந்தம் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால், அதைச் சொல்லிச் சொல்லியே உயிரை வாங்கிவிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்களும் பிள்ளைகளும் அறையில், ஆண்கள் ஹோலில் பாய் விரித்து. புருஷன் முகத்தை அவள் காலைத் தேத்தண்ணீரோடுதான் பார்ப்பாள்.

சொந்த வீட்டிலும் ஏறக்குறைய அதே கதை. அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடியப்புறம் வருகிறவர், அவளுடைய தூக்கத்தைக் கெடுக்கக்கூடாதென்று சின்ன அறையில் படுக்கத் தொடங்கினார். நல்ல எண்ணம்தான். சண்டை, மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது.

சென்ற மார்கழியில் ஓய்வுபெற்றார். அன்று இரவு தேத்தண்ணீர் குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். சின்ன அறைக்கே போனார்.

பழக்கதோஷம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். தை போனது. மாசியும் போனது. அவருடைய போர்வை அங்கேதான் இருந்தது.

வாயைத் திறந்து கேட்பதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் கேட்பீர்கள். தவமலர் கேட்கமாட்டாள். பேரப்பிள்ளை கண்டபிறகு இதைப் போய் எந்த வாயால் கேட்பது? அப்படியே கேட்டு, எனக்கு இதுதான் வசதி என்று அவர் சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான் அவளுக்குப் பெரிது.

அதனால்தான் இந்த ஊர். அதனால்தான் ஆற்றோரத்து வீடு.

புருஷன் சபாநாதன் கண்ணாடியைத் துடைத்தபடி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். கேள்விகள் வரிசையாக வந்தன. மிளகாய் தாளித்தால் கத்துகிற அலாரம் அடுப்படியில் இருக்கிறதா, அதை மூடிக்கட்டினால் வீட்டுக்காரி கோபிப்பாளா, சோற்றுப் பானையை இங்கிருந்தே கொண்டுபோகலாமா, சந்தையில் மீன் கிடைக்குமா, கிடைத்தாலும் தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தருவார்களா. மீன்தலைக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசியை அவர் படுக்கையறைக்குக் கொடுக்கவில்லை.

பிறகு கொடுத்தார்.

வதனி ஆட்களையும் கூப்பிடலாமே என்றார். பேக்கரி வீட்டில்தான் இரண்டு அறை இருக்கிறதே.

வதனி அவருடைய தங்கை. குறொய்டனில் இருக்கிறாள். தங்கமான பிள்ளை. கூப்பிட்டால் புருஷனையும் ஒரு பெட்டி முறுக்கையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பிறகென்ன, பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை.

இத்தனை வருடத்தில் அவருடைய ஆட்களை வேண்டாமென்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"வேண்டாம்" என்றாள்.

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

அவள் ஆற்றோரத்து வீட்டைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். வெள்ளை விரிப்பு. இரண்டு நீலத் தலையணை. இந்த வயதில் காது சுடுகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அடுப்படியில் கேத்தில் கொதித்து, தானாகவே நின்றது.

"நான் குறட்டை விடுவன்" என்றார்.

அது மறுப்பா, மன்னிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"தெரியும். சுவருக்கு இங்காலையும் கேக்கிறது."

"உன்ரை நித்திரை குழம்புமெல்லே."

"கேக்காட்டித்தான் நான் எழும்பிறனான்."

சொல்லிவிட்டாள். இனி அள்ள முடியாது. மேசை விரிப்பின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய எதுவும் இருக்கவில்லை.

அவர் ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். படத்தை இரண்டு விரலால் விரித்தார். கட்டில் பெரிதாகியது. கட்டிலோடு ஒட்டினாற்போல யன்னல் தெரிந்தது, அதற்கு வெளியே ஆறு.

"யன்னல் இந்தப் பக்கம்தானோ?"

"ஓம்."

"அப்ப இந்தப் பக்கம் நான் படுக்கிறன்" என்றார். "உனக்குக் குளிர் அடிக்கும்."